முடுக்கில் நின்ற பிளசர்

பழைய காரைச் சீர்படுத்தும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் வருகிறவன் எல்லாம் இரண்டு கேள்விதான் கேட்பான். என்ன செலவாகும்? விற்றால் என்ன வரும்? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லத் தெரிந்துவிட்டால் தொழில் கைவந்துவிட்டது என்று நானும் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். தூத்துக்குடியில் ஹார்பருக்குப் போகிற ரோட்டில் பாதி ஆயுசை ஒர்க்‌ஷாப்பிலேயே கழித்துவிட்டு, முழங்கால் இனி மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்ததால் இப்போது மாப்பிள்ளையூரணியில் வீட்டோடு கிடக்கிறேன். நீங்கள் யாராவது போன் பண்ணிச் சந்தேகம் கேட்டால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் தொழிலில் பாதியைக்கூட நீங்கள் கேட்பதில்லை. அதனால் கேட்காததைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

அந்த இரண்டு கேள்விக்கும் உள்ள பதிலை முதலில் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். நம் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. கோயம்புத்தூர்க்காரன் வண்டி நாற்பது வருஷம் சும்மா நின்றாலும் தூசிதான் படியும். இங்கே அப்படி நின்ற வண்டியின் தரைத்தகட்டில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினால் பிடி வரைக்கும் உள்ளே போகும். அந்தத் தகட்டை மாற்றுகிற செலவுதான் பெரிய செலவு. ஆனால் வாங்க வருகிறவன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பதில்லை. அவன் பெயிண்டைப் பார்ப்பான், பம்பரில் தன் மூஞ்சி தெரிகிறதா என்று பார்ப்பான். பார்க்காததற்கு எவன் காசு தருவான்? அதனால்தான் ஓட்டை மேலே பட்டி என்கிற பூச்சுமாவை அப்பி, பெயிண்டை அடித்து, ஆறே மாதத்தில் கொப்பளிக்கிற வண்டியைத் தலையில் கட்டுகிற ஆட்கள் நம் தொழிலில் நன்றாகவே வாழ்கிறார்கள். ஒழுங்காகச் செய்தால் போட்ட பணம் பெரும்பாலும் திரும்பாது. இதுதான் உண்மை. இதை வாடிக்கையாளரிடம் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராதவன் வேறு வேலை பார்க்கலாம்.

ஆசைக்குச் செய்கிறவர்கள் வேறு. சாயர்புரத்தில் ஒரு டாக்டர் இருந்தார். அவருடைய அப்பாவின் காரை என்னிடம் விட்டு, கேட்ட போதெல்லாம் பணம் கொடுத்தார். முடித்துக் கொடுத்ததும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதில் சர்ச்சுக்குப் போய்வந்தார். விற்றால் என்ன வரும் என்று ஒருநாளும் கேட்கவில்லை. அவருக்கு நான் நஷ்டக்கணக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பிரச்சினை அவரைப் போன்றவர்களால் வருவதில்லை. விற்பதற்காகவே செய்யச் சொல்லி வருகிறானே, அவனிடம்தான் நீங்கள் உட்கார்ந்து பேச வேண்டும்.

காயல்பட்டினத்திலிருந்து சாகுல் என்று ஒருவர் வந்தது நான் ஒர்க்‌ஷாப்பை மூடுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால். நாற்பது நாற்பத்திரண்டு வயது இருக்கும். வளைகுடாவில் வேலை. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கையில் பெரிய போன். வந்ததும் போனில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார். சென்னையில் யாரோ ஒரு சின்ன இங்கிலீஷ் காரைப் புதுசாக்கி விற்ற கதை. விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

"அண்ணாச்சி, இதே மாடல்தான் எங்க வீட்டுல நிக்கிது. என் மாமனாரோட பிளசர். நீங்க இப்படி ஆக்கித் தரணும்."

காரைப் பிளசர் என்று யாராவது சொல்லிக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. மறுநாளே போனேன். காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அதனால் சாகுல் இருப்பது அவருடைய மனைவி மரியத்தின் வீடு. நான் போன நேரம் மரியம் வீட்டில் இல்லை. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். மனைவி இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் சாகுல் என்னைக் கூப்பிட்டிருக்கிறார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஓட்டுக் கொட்டகையில் வண்டி நின்றது. அடடா, எவ்வளவு அழகான வண்டி! மாமனார் வாங்கிய நாளில் இருந்த பெயிண்ட் அப்படியே இருந்தது, வெளுத்துப்போய். எந்தக் கையும் படாத வண்டி. விளக்கு, கண்ணாடி, மீட்டர், ஒன்றுகூடத் தொலையவில்லை. குனிந்து அடியில் பார்த்தேன். அடியில் வழக்கம்போல நம் ஊர்க் காற்று தன் வேலையைக் காட்டியிருந்தது. தரை போய்விட்டது. கதவுக்குக் கீழே ஓடுகிற சட்டமும் போய்விட்டது.

"தம்பி, இதை ஒழுங்கா செஞ்சா செலவு வண்டி விலையத் தாண்டிப் போயிரும். அந்த வீடியோவ மறந்துருங்க. வேணும்னா இப்படியே விப்போம். கை படாத வண்டியாத் தேடுற ஆளு இருக்கான். ரொம்ப வராது. ஆனா வர்றது முழுக்க உங்களுக்கு."

"இப்படியே விக்க முடியாது அண்ணாச்சி."

"ஏன்?"

 வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்த பிறகுதான் மெதுவாகச் சொன்னார். லீவில் வரவில்லையாம். கம்பெனியில் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்களாம். பதினெட்டு வருஷ உழைப்புக்குக் கையில் கொடுத்த பணம்தான் மிச்சம். மனைவிக்குத் தெரியாது. வண்டியோ மனைவி பேரில் இருந்தது. மாமனார் உயிரோடு இருக்கும்போதே மகள் பேருக்கு மாற்றி வைத்துவிட்டார். விற்க வேண்டுமென்றால் மரியம் கையெழுத்துப் போட வேண்டும்.

"இப்பம் போய் வண்டிய விப்போம்னு சொன்னா எதுக்கு விக்கணும்னு கேப்பா. என்ன சொல்ல? வேல போச்சுன்னா சொல்ல? பளபளன்னு ஆக்கி, நல்ல விலைக்கு ஆள கொண்டாந்து நிறுத்திட்டா அவளே சம்மதிச்சிருவா. அந்தப் பணத்துல கட போட்டுட்டேன்னா, வேலைய நானே வேண்டாம்னு விட்டுட்டேன்னு சொல்லிக்கிடலாம்லா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன் தம்பி, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? இருக்குற ஒரே பணத்த இந்த ஓட்டைத் தகட்டுல போட்டுட்டு, அப்புறம் கட எதுல போடுவிய?" என்று சத்தம் போட்டேன். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். சாகுல் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க செய்யலைன்னா பரவால்ல அண்ணாச்சி. திருநெல்வேலியில ஒருத்தர் செஞ்சு தாரேங்காரு. முழுப் பணமும் மொதல்லயே கட்டச் சொல்லுதாரு" என்றார்.

அந்தத் திருநெல்வேலிக்காரனை எனக்குத் தெரியும். பட்டி அப்புகிற ஆள்.

தம்பிகளா, இந்த இடத்தில்தான் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வருவது சுலபம். நியாயஸ்தன் என்று நாமே நம்மை மெச்சிக்கொள்ளலாம். ஆனால் நான் மாட்டேன் என்று சொன்ன அந்த நிமிஷமே அந்த மனுஷனின் பதினெட்டு வருஷம் பட்டியில் போய்ச் சேரும். செய்கிறேன் என்றால் என் கையாலேயே போகும். எனக்கும் அப்போது வேலை குறைவு, ஷெட்டில் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சபலமும் மனசில் எட்டிப் பார்க்காமல் இல்லை. கடைசியில் ஒரு வழி சொன்னேன். அட்வான்ஸ் ஒரு ரூபாய்கூட இப்போது வேண்டாம். வண்டியை முதலில் தெருவுக்குக் கொண்டுவருவோம். வெளிச்சத்தில் வைத்து முழுதாகப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன், அது வரைக்கும் திருநெல்வேலிப் பக்கம் போகக் கூடாது. நாலு நாள் கிடைத்தால் மனுஷனுக்குப் புத்தி தெளியும் என்பது என் எண்ணம். அவரும் சரி என்றார்.

வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. அந்தக் காலத்தில் வண்டி வந்துபோன பக்கம் காலியிடமாக இருந்ததாம். இப்போது அங்கே ஒரு மாடி வீடு நிற்கிறது. மிச்சமிருந்த ஒரே வழி பின்பக்கத்து முடுக்கு. காயல்பட்டினத்து முடுக்கு என்றால் சும்மா சந்து இல்லை. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பெண்கள் தெருவுக்கு வராமலே போய்வருகிற வழி அது. பகலில் ஆண்கள் அதில் நடக்க மாட்டார்கள். தவிர்க்க முடியாமல் வந்தால் தூரத்திலேயே குரல் கொடுத்துவிட்டு வருவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நாலு ஆம்பிளைகள் ஒரு காலை நேரம் முழுக்க நின்று வண்டியை இழுக்க வேண்டுமென்றால், முடுக்கில் இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் அனுமதி கேட்க வேண்டும். அதை ஆண்கள் கேட்க முடியாது. மரியம்தான் கேட்க வேண்டும்.

மரியத்திடம் என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தார் என்று சாகுலிடம் கேட்டேன். "அத நான் பாத்துக்கிட்டேன் அண்ணாச்சி" என்று மழுப்பிவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் போனோம். தகடு தட்டுகிற டிங்கர் செல்லத்துரை, இன்னும் இரண்டு ஆட்கள், நான். முடுக்கில் கதவெல்லாம் ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. பம்பரையும் கதவுக் கைப்பிடிகளையும் கழற்றினோம். அப்படியும் இரண்டு பக்கமும் நாலு விரல் இடம்தான். செல்லத்துரை ஸ்டியரிங்கைப் பிடித்து உள்ளே உட்கார்ந்துகொண்டான். முடுக்குக்குள் போனபிறகு கதவைத் திறக்க முடியாது, தெரு வரும் வரைக்கும் அவன் உள்ளேதான். முன்னால் சாகுலும் இரண்டு ஆட்களும் கயிற்றைப் போட்டு இழுத்தார்கள். நான் பின்னால் நின்று சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சத்தம் கொடுத்தேன்.

பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. ஒரு வீட்டு வாசல்படி முடுக்குக்குள் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. முன்சக்கரம் எப்படியோ ஏறி இறங்கிவிட்டது, பின்சக்கரம் அதில் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஜாக்கியும் கடப்பாரையும் தெருவில் நின்ற எங்கள் வேனில் இருந்தன. இரண்டு ஆட்களையும் எடுத்துவர அனுப்பினேன். இப்போது வண்டிக்கு அந்தப் பக்கம் சாகுல் மட்டும், இந்தப் பக்கம் நான், நடுவில் செல்லத்துரை.

அந்த நேரம் பார்த்து மரியம் டீத் தட்டோடு வந்தார். முப்பத்தெட்டு வயசு இருக்கலாம். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணாச்சி, டீ குடிங்க. வண்டி நல்லா வந்துருமா? எங்க வாப்பா காலத்துல இருந்த அதே கலர்தான் அடிக்கணும். வேற எதுவும் அடிச்சிராதிய. முடுக்கு பூரா சொல்லி வச்சிருக்கேன், என் மாப்புள எங்க வாப்பா வண்டிய எனக்காகச் சரியாக்கித் தாராங்கன்னு."

எடுத்த டீயைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன். எனக்காக! இந்த மனுஷன் அப்படிச் சொல்லித்தான் சம்மதம் வாங்கியிருக்கிறார். விற்கப்போகிற வண்டியை, பரிசு என்று சொல்லியிருக்கிறார்.

"இவங்க அடுத்த மாசம் வேலைக்குத் திரும்பப் பயணம் போறாங்க அண்ணாச்சி. அதுக்கு முன்ன முடிஞ்சிருமா? ஒரு நடையாவது இவங்க ஓட்டி நான் உக்காந்து போகணும்."

வண்டிக் கூரைக்கு மேலே சாகுலின் தலை தெரிந்தது. என்னையே பார்த்தார். அந்தப் பார்வையை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். பாவம், அப்படி ஒரு கெஞ்சல். உள்ளே செல்லத்துரை, நின்று போன மீட்டரை அதிசயம் போலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

முடிஞ்சிரும் தங்கச்சி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதைக்குத் தப்பித்திருக்கலாம். ஆனால் அது பொய். வேலை போன கதையை நான் சொன்னால் அது துரோகம். அந்த மனுஷன் டீக்கடையில் என்னை நம்பிச் சொன்னது. இரண்டும் இல்லாத ஒரு பதிலைத் தேடிப் பிடித்துச் சொன்னேன்.

"தங்கச்சி, வண்டியப் பத்திக் கேளுங்க, எனக்குத் தெரிஞ்சதச் சொல்லுதேன். பயணத்தப் பத்தி தம்பிட்டத்தான் கேக்கணும்."

அவ்வளவுதான் சொன்னேன். இப்படிச் சொல்லியிருக்கலாமா கூடாதா என்று கேட்டால், இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன். நம் வாக்கு வண்டியோடு நிற்க வேண்டும்.

மரியத்தின் சிரிப்பு மெதுவாக நின்றது. தட்டைப் பக்கத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். கூரைக்கு மேலே கணவரைப் பார்த்தார்.

"என்னங்க? பயணம் என்ன ஆச்சு?"

சாகுல் நினைத்திருந்தால் அந்தப் பக்கம் திரும்பித் தெருவுக்கு நடந்திருக்கலாம். அவருக்கு வழி இருந்தது. போகவில்லை. இரண்டு கையையும் கூரை மேல் வைத்துக்கொண்டு, "பயணம் இல்ல மரியம். அனுப்பிட்டான். கணக்க முடிச்சுட்டான்" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கடை போடுகிற யோசனை, வீடியோ, திருநெல்வேலி ஆள், வண்டியை விற்கத்தான் செய்யச் சொன்னது, எல்லாம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒருக்களித்திருந்த கதவுகள் இன்னும் ஒரு விரல் அகலம் விலகின. முடுக்கு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது எனக்குத் தெரியும்.

மரியம் நிதானமாகக் கேட்டார். "இது அண்ணாச்சிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கார் ரிப்பேர் பாக்க வந்தவங்கட்ட சொன்னிய. எங்கிட்டச் சொல்லல."

வேலை போனதற்கு அந்தப் பெண் அழவில்லை, தம்பிகளா. இந்த வாக்கியத்தைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. போக வழியில்லை. முன்னால் வண்டி, பின்னால் அவர் வீடு.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, இத இப்படியே வித்தா?"

"வர்றது முழுக்க உங்களுக்கு."

"சரியாக்கி வித்தா?"

"கூட வரும். ஆனா கூட வர்றத விடக் கூடச் செலவாகும். தம்பி கொண்டாந்த பணத்துல பெரும்பங்கு போயிரும். நான் செஞ்சாலும் போகும், வேற யாரு செஞ்சாலும் போகும்."

அதற்குள் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. படி நீட்டிக்கொண்டிருந்த வீடு. வயதான ஒரு மாமி தலையை மட்டும் நீட்டினார்.

"ஏளா மரியம், எவ்வளவு நேரமா இப்படியே நிக்கப்போறிய? நாங்க அங்கிட்டு இங்கிட்டுப் போக வேண்டாமா? படிதான தடுக்குது, இடிச்சுக்கச் சொல்லு. நாளைக்குக் கட்டிக்கிடலாம்."

ஆட்கள் அந்தப் பக்கம் கடப்பாரையோடு வந்து நின்றார்கள். கடப்பாரையை வண்டிக்கு அடியில் என் பக்கம் தள்ளி விட்டார்கள். நான் முழங்காலை ஒருவழியாக மடக்கி உட்கார்ந்து படியின் ஓரத்தைத் தட்டிப் பெயர்த்தேன். சக்கரம் விடுபட்டது. எழுந்து நின்று மரியத்திடம் கேட்டேன். வேறு யாரிடம் கேட்பது? வண்டி அவருடையது, முடுக்கும் அவர்களுடையது.

"உள்ளயா வெளியயா, தங்கச்சி?"

உள்ளே என்று சொல்லியிருந்தால் திரும்பத் தள்ளிக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்திருப்பேன். கணவர் மேல் இருந்த ஆத்திரத்தில் அப்படித்தான் சொல்வார் என்று நினைத்தேன். அவர் வண்டியைப் பார்த்தார். வெளுத்த பெயிண்டின் மேல் ஒரு முறை கையை வைத்தார்.

"வெளிய" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. தானே வந்து வண்டியின் பின்னால் கையை வைத்துத் தள்ள ஆரம்பித்தார். மாமி வெளியே வந்தார். அடுத்த வீட்டிலிருந்து இரண்டு பேர், எதிர் வீட்டிலிருந்து ஒருவர். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் கை கொடுத்தார்கள். முன்னால் சாகுல் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார். "ஏலே செல்லத்துரை, நேரா புடிலே!" என்று நான் கத்தினேன். அதைத் தவிர எனக்கு அங்கே வேலை இல்லை. வண்டி தெருவுக்கு வந்ததும் பெண்கள் முடுக்கின் வாயிலேயே நின்றுவிட்டார்கள்.

கேரளாவில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார். கை படாத வண்டிகளாகத் தேடிச் சேர்க்கிறவர். அவருக்குச் சொன்னேன். அந்த வாரமே லாரியோடு வந்தார். பெயிண்டை யாரும் தொடவில்லை என்பதில் மனுஷனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஓட்டைத் தரையைக் காட்டினேன், பரவாயில்லை என்றார். அவர் சொன்ன விலை சாகுலின் வீடியோ விலைக்குப் பக்கத்தில்கூட இல்லைதான். ஆனால் முழுதாகக் கைக்கு வந்தது. சாகுல் கொண்டுவந்த பணமும் முழுதாக இருந்தது. இரண்டும் சேர்ந்தால் பஜாரில் ஒரு சின்னக் கடைக்குப் போதும். எனக்குக் கிடைத்தது ஆட்கள் கூலியும் வேன் வாடகையும். நல்ல வேலை ஒன்று கையை விட்டுப் போனதில் எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்ததையும் மறைக்கவில்லை.

இதிலிருந்து நான் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். விற்பதற்காக ஒருவன் பழைய வண்டியில் பணத்தைக் கொட்டுகிறேன் என்று வந்தால், தகட்டைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் அவனை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுங்கள். வண்டி யார் பேரில் இருக்கிறது, அவர்களுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். நான் பார்த்தவரையில் இப்படி வருகிற செலவில் பாதி, வீட்டில் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்லாமல் தள்ளிப்போடுவதற்காக ஆகிற செலவு. வண்டியை வாங்குகிற எவனும் அதற்கு விலை தர மாட்டான்.

லாரி வந்த அன்று நானும் போயிருந்தேன். வண்டி வீட்டுக்கு முன்னால் தெருவில் நின்றது. கேரளாக்காரர் கையெழுத்துக்குக் காகிதங்களை எடுத்தார். சாகுலிடம் நீட்டினார். சாகுல், "ஓனர் அவங்கதான். அவங்கட்டக் கேளுங்க" என்று வாசலைக் காட்டினார். மரியம் வந்து பேனாவை வாங்கினார். உடனே போடவில்லை.

"நீங்க வந்த அன்னைக்கே கேட்டிருந்தா அன்னைக்கே போட்டிருப்பேன்" என்றார் கணவரிடம். முடுக்கில் நடந்த நாளிலிருந்து மரியம் தன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்று சாகுல் என்னிடம் முன்பே சொல்லிப் புலம்பியிருந்தார். "எனக்கு ஆசைதான். அதுக்காக உங்கள விட இந்த வண்டியா எனக்குப் பெரிசு? சரி, இன்னும் என்னமாச்சும் எங்கிட்டச் சொல்லாம வச்சிருக்கியளா? இப்பமே சொல்லிருங்க."

சாகுல் என்னைப் பார்த்தார். எனக்கென்ன தெரியும்? நான் வானத்தைப் பார்த்தேன்.

"இருக்கு" என்றார் தயங்கித் தயங்கி. "கல்யாணமான மறுநாள்ல இருந்து உங்க வாப்பா என்னைய இந்த வண்டியில பின்சீட்டுலதான் உக்கார வச்சாங்க. கடைசி வரைக்கும். ஒருநாளும் முன்னால ஏறுன்னு சொல்லல. எனக்கு இந்த வண்டியக் கண்டாலே ஆகாது, மரியம்."

 மரியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கேரளாக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

கைப்பிடி இல்லாத கதவின் ஜன்னல் வழியாக மரியம் உள்ளே கையை விட்டு, முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"ஏறுங்க" என்றார். "நீங்க உக்காந்த பொறவுதான் கையெழுத்து."

சாகுல் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். மரியம் பானெட்டின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.